புறம்போக்கு: ஒரு சொல்லும் ஒரு பாட்டும்

இலக்கியத்துக்கும் அரசியலுக்கும் உள்ள தொடர்பை ஆராயப் புகுவார்க்குச் சீன நாடு இருவேறு விடைகளைத் தந்துள்ளது. உள்ள நிலையைக் காக்க விழைவது அரசியல், அந்நிலையில் அமைதி கொள்ளாதது இலக்கியம், ஆதலின் அவை முரணும் என்பது 1927இல் சாங்காயில் லூ சுன் ஆற்றிய உரையின் கருத்து. இலக்கியம் அரசியலுக்கு அடங்கியது, எழுத்தாளர் மக்கள் மொழியைக் கற்றல் வேண்டும் என்பது 1942இல் ஏனானில் மா சே துங் வகுத்த நெறி. இவற்றை எண்ணூர் பற்றிய பாட்டொன்றில் வைத்துக் காண்பாம்.

2017இல் வெளிவந்த ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ கபேர் வாசுகி இயற்றியது, டி. எம். கிருஷ்ணா பாடியது. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த எண்ணூர்க் கழியே அதன் களம்.

‘புறம்போக்கு’ என்பது நிலவரித் தீர்வைக்குப் புறம்பாக விடப்பட்ட பொதுநிலத்தைக் குறித்த சொல். நீர்நிலையும் மேய்ச்சல் நிலமும் அதன்பாற்படும். பயனற்றவன் என இகழும் வசையாக அது பின்னர் இழிந்தது. நிலத்தின் மதிப்பு வீழச் சொல்லின் மதிப்பும் வீழ்ந்தது என்க. அவ்வசையைப் பாடுவோன் தன்மேல் ஏற்றுக்கொள்ளுமிடத்துச் சொல் மீண்டும் உயர்கின்றது. பாட்டின் அரசியல் முழக்கத்தில் இல்லை. இச்சொற்பொருள் மாற்றத்திலேயே உள்ளது.

சென்னைப் பேச்சுவழக்கு ஆனந்தபைரவி முதலிய இராகங்களில் அமைந்தமை ஏனான் நெறியை நினைவூட்டும். ஆயினும், ‘வளர்ச்சி’ என்னும் சொல்லோடு அமைதி கொள்ள மறுத்தலின், பாட்டின் உயிர் லூ சுன் கருத்தையே சாரும்.

குறையொன்று உண்டு. கழியில் வலைவீசுவோர் ஈண்டுப் பாடப்படுகின்றனரேயன்றித் தாமே பாடினாரல்லர். அவர் குரலும் இலக்கியமாகும் நாளிலேயே இவ்வாராய்ச்சி நிறைவுறும்.