கோதுமைக் காசில் போன இதழ்கள்

'சிறுபத்திரிகை எதையும் சார்ந்து நிற்பதில்லை' என்பதை நம் கூட்டங்களில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. மைக்கைப் பிடித்து நானும் சொன்னவன்தான். இப்போது வாய் வரவில்லை.

அறுபதுகளின் சிற்றிதழ் ஒன்றைத் தேடி அலைந்தேன். நான் எம்.ஏ. படித்த இடத்து நூலகத்தில் இல்லை, எடைக்குப் போட்டிருப்பார்கள். கடைசியில் அது அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் இருப்பது தெரிந்தது. ஏகாதிபத்தியத்தைத் திட்டி எழுதிய பக்கங்களை அங்கே பைண்டு செய்து பத்திரமாக வைத்திருக்கிறார்கள்! எப்படிப் போய்ச் சேர்ந்தது?

கோதுமை வழியாக. தேங்கிக் கிடந்த தானியத்தைத் தள்ளிவிட அமெரிக்கா 1954-இல் இயற்றிய சட்டம்தான் பி.எல். 480. அவர்களுக்கு விற்க ஆள் வேண்டும், நமக்கு உண்ணத் தானியம் வேண்டும். 1956 ஒப்பந்தத்தின்படி விலையை ரூபாயாகவே வாங்கிக்கொண்டார்கள். அந்த ரூபாய் அமெரிக்கக் கணக்கில் இங்கேயே குவிந்தது. அதில் ஒரு துளியைக்கொண்டு, 1962 முதல் லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் டில்லி அலுவலகம் இந்திய மொழி நூல்களையும் இதழ்களையும் வாங்கி அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிற்று. தமிழும் போயிற்று. ரேஷன் கடையில் என் பாட்டி எண்ணிக் கொடுத்த சில்லறை, சுற்றிவளைத்து ஏதோ ஒரு கவிதை இதழுக்குச் சந்தாவாகியிருக்கலாம்.

இதைப் 'பரஸ்பரச் சார்பு' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். சர்வதேச உறவு பேசுகிறவர்களுக்குப் பிடித்த சொல். ஆனால் அந்தச் சொல்லில் ஒரு சமத்துவ வாசனை அடிக்கிறது. எனக்கு இடறுவது அங்கேதான். 1965-66 வறட்சியின்போது ஜனாதிபதி ஜான்சன் கோதுமைக் கப்பல்களை அளந்து அளந்துதான் விட்டார். வியட்நாம் போரை இந்தியா விமர்சித்தது அவருக்குப் பிடிக்கவில்லை. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்ததிலும் வாஷிங்டனின் நெருக்குதல் இருந்தது. பதிலுக்கு நாம் எதை நிறுத்தியிருக்க முடியும்? புத்தகங்களையா? இரண்டு தரப்பும் ஒன்றையொன்று சார்ந்திருந்தது மெய்தான். உறவு அறுந்தால் அங்கே தானியம் கிடங்கில் மக்கும். இங்கே பீகாரில் சனம் சாகும்.

ஆகவே, எவன் யாரிடம் காசு வாங்கினான் என்று தோழர்களுக்குள் துப்பறிவதைவிட, யார் நிறுத்தினால் யார் நின்றுபோவார் என்று கேட்பது உருப்படியான வேலை. மாஸ்கோவையும் இப்படித்தான் கேட்க வேண்டும். முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் தமிழிலேயே அச்சிட்டனுப்ப, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் விற்ற நூல்களால் தல்ஸ்தோயும் கார்க்கியும் சிற்றூர் வாசகன்வரை வந்தார்கள். அந்த அடிமாட்டு விலை ஓர் அரசின் முடிவு. 1991-இல் அந்த அரசே இல்லாமல் போனது, வரத்தும் நின்றது. நம் இடதுசாரி நண்பர்கள் இதைச் சார்பு என்று சொல்லமாட்டார்கள், நட்பு என்பார்கள். நட்புதான், மறுக்கவில்லை. ஆனால் நிறுத்தும் சாவி அங்கே இருந்தது, இங்கிருந்த வாசகனிடம் இல்லை.

வாஷிங்டன், மாஸ்கோ என்று தூரத்து ஊர்களிலேயே நின்றுகொள்வது நமக்கு வசதி. கொஞ்சம் வீட்டுக்குள்ளும் வருவோம். மனைவியின் சங்கிலியை அடகு வைத்து அடுத்த இதழைக் கொண்டுவந்த கதைகளை எத்தனை முறை பெருமையாகச் சொல்லியிருக்கிறோம்! தியாகம் என்றோம். யாருடைய தியாகம்? தபால்தலை ஒட்டியதும், திடீரென்று வந்திறங்கும் இலக்கிய நண்பர்கள் நாலுபேருக்கு உலை வைத்ததும் யார்? அந்த அம்மா 'முடியாது' என்று சொல்லியிருந்தால் பத்திரிகை அன்றைக்கே நின்றிருக்கும். அப்படிச் சொல்லும் இடம் அந்த வீட்டில் அவருக்கு இருந்ததா என்பதுதான் கேள்வி.

நான் தேடிய இதழின் நூலகப் பதிவில் ஆசிரியர் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது. சங்கிலி மீட்கப்பட்டதா என்று எந்த நினைவுக் கட்டுரையிலும் நான் படித்ததில்லை.