சிற்றுருவின் விரைவு

ஆனிப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலில் நடைபெறும் மாங்கனித் திருவிழாவில், பிட்சாடனர் வீதியுலா வருகையில் மாடிகளிலிருந்து பக்தர்கள் இறைக்கும் மாம்பழங்களை அந்தரத்திலேயே படம்பிடித்த புகைப்படக்காரர், அன்றிரவு கணினியில் கோப்புறையைத் திறந்ததும், நூற்றுக்கணக்கான படங்களும் கண்ணிமைக்கும் நேரத்தில் சிற்றுருக்களாக வரிசைகட்டி நிற்பது, என் மனத்தைப் பெரிதும் கவர்ந்த விஷயம்.

கேமராவே ஒவ்வொரு கோப்பின் முகப்பிலும் 160க்கு 120 புள்ளிகள் கொண்ட சிறு பிரதியொன்றைப் பதித்துவிடுகிறது. மென்பொருள் முதலில் அதையே எடுத்துக் காட்டுகிறது. அதனினும் ரசிக்கத்தக்கது அடுத்த படி. ஜேபெக் முறையில் படம் எட்டுக்கு எட்டுப் புள்ளிகளான சதுரங்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு சதுரத்தின் சராசரி ஒளியும் தனி எண்ணாக முதலில் குறிக்கப்படுவதால், கனியின் காம்பில் வடிந்த பால் போன்ற சூட்சும விவரங்களைக் கணக்கிடாமல், அம்முதலெண்களை மாத்திரம் கொண்டு, 6000க்கு 4000 புள்ளிகளுள்ள படத்தை 750க்கு 500 ஆக எழுப்பிவிடலாம். எந்தப் படத்தில் கனி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதென்று அறிய அதுவே தாராளம். இதற்கு ஆதாரமான கணிதத்தைப் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974இல் வெளியிட்டார் என்பதை நம் பள்ளிப் பிள்ளைகள் அவசியம் அறிந்திருக்க வேண்டும்.