கோப்புக்கு ஒரு கடிகாரம்

செவ்வாய்க்கிழமை இரவு 9:10. அமெரிக்கப் புறநகர் ஒன்றில், சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு லோன் ஆபீசர் ஒருவர் தொலைபேசியில் கேட்டுக் கேட்டுப் பதிகிறார். பெயர், வருமானம், சோஷியல் செக்யூரிட்டி எண், வீட்டு முகவரி, வீட்டின் உத்தேச மதிப்பு, கேட்கும் தொகை. ஆறாவது விவரம் ஏறிய கணமே அது சட்டப்படி 'விண்ணப்பம்' ஆகிவிடுகிறது. 2015 அக்டோபர் 3 முதல் நடப்பில் இருக்கும் விதிப்படி, மூன்று வேலை நாளுக்குள் கடன் மதிப்பீட்டுப் படிவம் வாடிக்கையாளருக்குப் போயாக வேண்டும். என்கம்பஸ் போன்ற மென்பொருள் அந்தக் கணத்தைக் குறித்துக்கொண்டு, கெடுநாளைத் தானே கணக்கிட்டுத் திரையில் காட்டும். 9:55க்கு அவர் லேப்டாப்பை மூடுகிறார். அந்த முக்கால் மணி நேர உழைப்பு எத்தனையோ கிளைகளில் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

வீட்டுக்கடன் கிளை என்ற அமைப்பை மாதம் எத்தனை கடன் முடித்தது, எவ்வளவு மிஞ்சியது என்று பார்த்து மதிப்பிடுவது அத்துறையாரின் பழக்கம். அதில் தவறில்லை, ஆனால் அது கணக்காளரின் அளவுகோல். அந்த அமைப்பு கடன் வாங்குவோருக்குக் காட்டும் துல்லியத்தைத் தன் ஊழியருக்கும் காட்டுகிறதா, அதன் பகுதிகள் ஒன்றையொன்று பொய்யாக்காமல் நிற்கின்றனவா என்பது என் அளவுகோல்.

'நெட் பிராஞ்ச்' என்ற ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உரிமமும் மூலதனமும் தாய் நிறுவனத்துடையவை; ஆளும் வாடிக்கையும் கிளை மேலாளருடையவை; செலவு போக மிச்சம் கிளைக்கு. ஊரறிந்தவர் கையில் தொழிலைக் கொடுப்பது இதன் சிறப்பு. நஷ்டத்தையும் அவர் தலையிலேயே கட்டிவிட்டு உரிமத்தை மட்டும் வாடகைக்கு விடும் ஆசை இதன் பழைய நோய். அமெரிக்க வீட்டுவசதித் துறை 2000ஆம் ஆண்டு மே மாதச் சுற்றறிக்கையில் இதை வெட்டிவிட்டது: எஃப்.ஹெச்.ஏ. காப்புறுதிக் கடன் கொடுக்கும் கிளையின் செலவை நிறுவனமே ஏற்க வேண்டும். லோன் ஆபீசரை 1099 படிவம் பெறும் சுயதொழிலர் என்று காட்டிய காலமும் பெரும்பாலும் போயிற்று. டபிள்யூ-2 படிவம் பெறும் ஊழியர் என்பதே இன்று நெறி. இதில் இனி விவாதிக்க ஒன்றுமில்லை.

விவாதம் அடுத்த படியில் இருக்கிறது. ஊழியர்தான்; ஆனால் வாரம் 40 மணிக்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்கு ஊதியம் பெறும் ஊழியரா, 1938ஆம் ஆண்டின் நியாயமான தொழிலாளர் தரச் சட்டத்திலிருந்து விலக்கப்பட்ட ஊழியரா? இதற்குத் தொழிலாளர் துறை எழுதிய இரண்டு பிரதிகளை அருகருகே வைத்துப் படித்தால், ஒரே பணியை ஒரே துறை எப்படி இருவிதமாக வாசிக்கும் என்பது புலப்படும்.

முதற்பிரதி 2006 செப்டம்பர் கருத்துரைக் கடிதம். மார்ட்கேஜ் பேங்கர்ஸ் அசோசியேஷன் கேட்டு வாங்கியது. லோன் ஆபீசர் நிதித்தகவலைத் திரட்டிப் பகுப்பாய்ந்து, எது பொருந்தும் என்று ஆலோசனை சொல்பவர். எனவே 'நிர்வாகப் பணி' விலக்குக்கு உரியவர் என்பது அதன் முடிவு. கடிதத்தின் நடை சுத்தமானது. 2004இல் திருத்தப்பட்ட விதிகளின் நிதித்துறை எடுத்துக்காட்டை அது கவனமாகவே பற்றிக்கொள்கிறது. ஆனால் அடித்தளம் கடன் வாங்கியது. வாடிக்கையாளரை நேரடியாக இணங்கவைக்கும் விற்பனை வேலைக்கு இவர்கள் பாதிக்கும் குறைவான நேரமே செலவிடுகிறார்கள் என்ற அனுமானத்தின் மேல் முழுக் கட்டடமும் நிற்கிறது. கேட்டவரே தந்த அனுமானம் அது. விண்ணப்பதாரரே மதிப்பிட்ட வீட்டின் மேல் எந்த வங்கியும் கடன் கொடுக்காது. தொழிலாளர் துறை கொடுத்தது. 1999இலும் 2001இலும் இதே துறை நேர்மாறாகச் சொல்லியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் பிரதி 2010 மார்ச் 24 தேதியிட்ட நிர்வாக விளக்கம். 2006 கடிதத்தை அது திரும்பப் பெற்றது. அந்த எடுத்துக்காட்டு தனி விலக்கு எதையும் உண்டாக்கவில்லை, பொதுச் சோதனையை விளக்க மட்டுமே வந்தது என்று காட்டிய இடத்தில் அதன் வாசிப்பு கூர்மையானது. அதைவிட எனக்குப் பிடித்தது வேலையின் வர்ணனை. திரட்டிய தகவலை லோன் ஆபீசர் கணினி நிரலில் ஏற்றுகிறார். எந்தக் கடன் வகைகளைக் காட்டலாம் என்று நிரல் அடையாளம் காட்டுகிறது. அவற்றில் ஒன்றை அவர் விற்கிறார். விற்றதற்குக் கமிஷன் வாங்குகிறார். பகுப்பாய்வு எங்கே நடக்கிறது என்பதை முதற்பிரதி கேட்கவே இல்லை, இரண்டாவது கேட்டது. குறையும் உண்டு. முன்னறிவிப்போ கருத்துக் கேட்போ இன்றி, ஒரு தொழில் முழுவதும் நம்பியிருந்த நிலைப்பாட்டை ஒரே நாளில் கவிழ்த்த முறை கரடுமுரடானது.

அந்த முறையை எதிர்த்துத்தான் வழக்கு வந்தது. 2015 மார்ச் 9இல் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒத்த முடிவாக, விளக்கவுரையை மாற்ற அந்தச் சடங்குகள் தேவையில்லை என்றது. தீர்ப்பை எழுதியவர் சோனியா சோட்டோமயோர். இதை லோன் ஆபீசர்களின் வெற்றி என்று கொண்டாடியவர்கள் தீர்ப்பைப் படிக்கவில்லை. நீதிமன்றம் முறையை மட்டுமே எடைபோட்டது. பணியின் தன்மையைத் தொடவில்லை. அந்தத் தன்மையை நேரடியாக எடைபோட்ட நடுவர் குழு (ஜூரி) வேறு முடிவுக்கும் வந்திருக்கிறது: குவிக்கன் லோன்ஸ் வழக்கில் லோன் ஆபீசர்கள் விலக்குக்கு உரியவர்களே என்று நடுவர் குழு சொல்ல, ஆறாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் அதை உறுதிசெய்தது. நேர்மையான மதிப்பீட்டில் இதுவும் இடம்பெற வேண்டும்.

இரு தரப்பும் போதிய கவனம் கொடுக்காத ஓட்டை ஒன்று இருக்கிறது. நிர்வாகப் பணி விலக்கு வேண்டுமானால், பணியின் தன்மைக்கு முன்பே, உறுதியான வாரச் சம்பளம் இருந்தாக வேண்டும். 2020 முதல் அது 684 டாலர். 2024இல் உயர்த்திய விதியை அந்த ஆண்டு நவம்பரில் டெக்சாஸ் நீதிமன்றம் தள்ளியதால் மறுபடி அதே தொகை. கமிஷன் மட்டும் கொடுக்கும் கிளை, 2006 கடிதம் வேதவாக்காகவே இருந்தாலும், இந்த வாசற்படியிலேயே தடுக்கி விழும். அப்போது 'வெளிக்கள விற்பனையாளர்' என்ற விலக்கைக் காட்டுவார்கள்; அதற்குச் சம்பளச் சோதனை கிடையாது என்பது உண்மைதான். ஆனால் வழக்கமாக நிறுவனத்தின் இடத்துக்கு வெளியே விற்பவருக்குத்தான் அது. தொலைபேசியில் விற்பது சேராது. ஊழியர் நிலையாக உட்கார்ந்து விற்கும் வீட்டு அறையும் நிறுவனத்தின் இடமாகவே கொள்ளப்படும். 9:10 மணிச் சாப்பாட்டு மேசை வெளிக்களம் ஆகாது.

மென்பொருளுக்கு வருவோம். இந்தத் துறையின் உண்மையான சாதனை இதுவே என்பதில் எனக்கு ஐயமில்லை. 1995இல் ஃபேனி மேயின் டெஸ்க்டாப் அண்டர்ரைட்டரும் ஃப்ரெடி மாக்கின் போட்டி நிரலும் வந்ததிலிருந்து, நாட்கணக்கில் நடந்த தகுதிப் பரிசோதனை நிமிடங்களில் முடிகிறது. கோப்பை யார் எப்போது திறந்தார், எந்த எண்ணை எதுவாக மாற்றினார் என்பதெல்லாம் தடமாக நிற்கிறது. சந்தை சிலர் கைக்குள் சுருங்கிவிட்டது என்ற குறை தனி. என்கம்பஸை உருவாக்கிய எல்லி மே நிறுவனத்தை இன்டர்கான்டினென்டல் எக்ஸ்சேஞ்ச் 2020இல் சுமார் 1,100 கோடி டாலருக்கு வாங்கியது; 2023இல் பிளாக் நைட்டையும் சேர்த்துக்கொண்டபோது, எம்பவர் என்ற போட்டி மென்பொருளை வேறொருவருக்கு விற்க வேண்டியிருந்தது. கிளை மேலாளருக்கு மாதக் கட்டணம்தான் கவலை. இந்தப் பெருங்கதையில் அவருக்கு வேலையில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. நிரல் எவ்வளவு முடிவெடுக்கிறதோ, அவ்வளவுக்கு ஊழியரின் சுயமதிப்பீடு குறைகிறது. சுயமதிப்பீட்டைக் காட்டித்தான் நிர்வாக விலக்கைக் கோருகிறார்கள். விற்பனைக் கூட்டத்தில் "எல்லாம் தானியங்கி, பிழைக்கு இடமில்லை" என்று பெருமை. வழக்கு வந்தால் "எங்கள் ஆட்கள் ஒவ்வொரு கோப்பையும் தம் மதியால் எடைபோடுகிறார்கள்" என்று வாக்குமூலம். இரண்டையும் ஒரே கிளை ஒரே காலத்தில் நம்ப முடியாது.

நம் ஊர் பி.பி.ஓ. வாசகர்களுக்கு இதில் ஒரு நகைமுரண் தெரியும். சென்னையில் இரவு ஷிப்டில் இதே அமெரிக்கக் கோப்புகளைச் சரிபார்ப்பவருக்கு லாக்-இன், லாக்-அவுட், தேநீர் இடைவேளை வரை கணக்கு உண்டு. அதே கோப்பின் மறுமுனையில் இருப்பவருக்கு அது இல்லை.

கிளை நேரத்தைக் குறிக்காவிட்டால் கணக்கே கிடையாது என்று எண்ணுவதும் பிழை. 1946ஆம் ஆண்டின் மவுண்ட் கிளெமென்ஸ் பாட்டரி தீர்ப்பு முதலே, முதலாளி பதிவேடு வைக்காதபோது ஊழியர் நியாயமான அனுமானத்தால் தம் நேரத்தை நிறுவலாம். அந்த அனுமானத்துக்கு மென்பொருளின் தடத்தைவிட நல்ல சாட்சி எது? கடன் விதிக்காகக் கிளை காசு கொடுத்து வைத்திருக்கும் பதிவே கிளைக்கு எதிராகப் பேசும். தோற்றால் இரண்டாண்டு பாக்கி, வேண்டுமென்றே மீறியிருந்தால் மூன்றாண்டு. பொதுவாக அதே அளவு தொகை இழப்பீடாக மேலும்.

மிகைநேர ஊதியம் கொடுத்தால் கிளை முழுகிவிடும் என்பது எதிர்வாதம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் ஒரு வாரம் 50 மணி உழைத்தார். அந்த வாரத்துக்குரிய கமிஷன் 2,000 டாலர். எனவே மணிக்கு 40. ஐம்பது மணிக்கும் அடிப்படை வீதம் கமிஷனிலேயே அடங்கிவிட்டதால், கூடுதல் 10 மணிக்குப் பாதி வீதம் மட்டும் பாக்கி: 20 பெருக்கல் 10, ஆக 200 டாலர். இதற்கு முழுகும் கிளை வேறு காரணத்தால் ஏற்கெனவே முழுகிக்கொண்டிருக்கிறது. உண்மையான சிரமம் தொகையில் இல்லை, பிரிப்பதில் இருக்கிறது. கடன் முடிய ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். கமிஷன் வந்தபின் அதை உழைத்த வாரங்களுக்குப் பின்னோக்கிப் பங்கிட வேண்டும். அதற்கு முதல் தேவை அந்த '50' என்ற எண். கிளையிடம் இல்லாததும் அதுவே.

கிளை மேலாளரின் ஊதியத்தில் இன்னொரு முடிச்சு. கடனின் வட்டி முதலிய நிபந்தனைகளை வைத்து ஊதியம் கூடக்குறையக் கூடாது என்பது 2011 முதல் விதி, 2014இல் இறுகியது. ஆனால் கிளையின் லாபமோ வட்டியின் விளிம்பிலிருந்தே வருகிறது. ஆண்டில் பத்துக் கடனுக்கு மேல் தானே பிடிக்கும் மேலாளர், லாபத்திலிருந்து பெறும் போனஸ் அவரது மொத்த ஊதியத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 'மிச்சமெல்லாம் உனக்கே' என்று ஆள்பிடிக்கும் விளம்பரமும் இந்த விதியும் ஒரே மேசையில் அமர முடியாது. அமெரிக்கக் கடன் விதிகளில் இவ்வளவு நுட்பமாக வரையப்பட்டது குறைவு. இவ்வளவு சௌகரியமாக மறக்கப்பட்டதும் குறைவு என்றே எண்ணுகிறேன்.

என் தீர்ப்பு: கடன் வாங்குவோரைக் காக்கும் கருவியாக இன்றைய கிளை தேர்ச்சி பெறுகிறது, அதுவும் நல்ல மதிப்பெண்ணுடன். வேலை கொடுப்பவராக, கமிஷன் மட்டும் கொடுத்து நேரம் குறிக்காத கிளை தோற்கிறது. அந்தத் தோல்வி சட்ட மயக்கத்தால் வந்ததல்ல, விருப்பத்தால் வந்தது. 2018இலும் 2025இலும் உச்ச நீதிமன்றம் விலக்குகளைச் சுருக்கி வாசிக்கத் தேவையில்லை, நிரூபணமும் சாதாரண அளவுக்கு இருந்தால் போதும் என்று சொல்லி முதலாளிகளின் தராசைச் சற்றே தாழ்த்தியிருக்கிறது. அதனாலும் வாரச் சம்பளமில்லாத ஓட்டை அடைபடவில்லை.

கோப்பைப் பரிசோதித்து ஒப்புதல் கொடுக்கும் அண்டர்ரைட்டர் விஷயத்தில் மட்டும் தயங்குகிறேன். இரண்டாவது வட்டம் 2009இலும், ஒன்பதாவது வட்டம் 2017இலும் அவர்கள் விலக்குக்கு உரியவர்கள் அல்லர் என்றன; இடையே 2016இல் ஹண்டிங்டன் வங்கி வழக்கில் ஆறாவது வட்டம் உரியவர்களே என்றது. ஒத்த சரிபார்ப்புப் பட்டியலை ஓஹாயோவில் பார்ப்பவர் நிர்வாகி, கலிபோர்னியாவில் பார்ப்பவர் விலக்கில்லாத உற்பத்தி ஊழியர். என் சாய்வு கலிபோர்னியா பக்கம். ஆனால் நிரல் ஏற்காமல் 'ரெஃபர்' என்று தள்ளிய கோப்புகளை ஒருவர் மாதத்தில் எத்தனை எடுத்து, தன் கைப்பட ஆராய்ந்து, தன் பெயரில் ஒப்புதல் கொடுத்தார் என்று யாராவது எண்ணிக் காட்டினால் என் சாய்வை மாற்றிக்கொள்ளத் தயார். அந்த எண் கிளையின் மென்பொருளுக்குள்ளேயே கிடக்கிறது.