‘மேவரிக்’ தொடரின் ஒட்டகமும் பார்வையாளர் தீர்ப்பும்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் கௌபாய்க் கதைகள் கோலோச்சிய காலம் 1950களின் பிற்பகுதி. அவற்றுள் தனிப்போக்குடையது, 1957 செப்டம்பர் 22 அன்று ஏபிசி நிறுவனம் ஒளிபரப்பத் தொடங்கிய ‘மேவரிக்’. ராய் ஹக்கின்ஸ் உருவாக்கிய இத்தொடரின் நாயகன் பிரெட் மேவரிக், துப்பாக்கியைவிடச் சீட்டுக்கட்டையும் நாவன்மையையும் நம்புகிறவன். சண்டை வருமெனில் நழுவிவிடப் பார்ப்பவன். ஜேம்ஸ் கார்னர் அப்பாத்திரத்தில் நடித்தார். 1957 நவம்பர் 3 அன்று வெளிவந்த ஏழாம் பகுதிக்கு ‘ரெலிக் ஆஃப் ஃபோர்ட் டெஹோன்’, அதாவது டெஹோன் கோட்டையின் எச்சம், என்று பெயர். சீட்டாட்டத்தில் மேவரிக் வென்ற பரிசு ஓர் ஒட்டகமாக அமைந்துவிடுகிறது. அதை வைத்துக்கொண்டு அவன் படும் பாடுதான் கதை. சூதாடியின் கதையில் நமக்கென்ன வேலை என்று வாசகர் வினவலாம். நம் வேலை அந்த ஒட்டகத்தோடுதான்.

அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் இப்பகுதியைத் தேடிப் பார்ப்போர் உள்ளனர். அவர்களிடையே நிலவும் கருத்துகளை மூவகையாகக் காணலாம். ஒரு சாரார், கார்னரின் முகபாவங்களும் ஒட்டகத்தின் அலட்சியமும் சேர்ந்த இனிய நகைச்சுவை என இதைக் கொண்டாடுவர். வேறு சிலருக்கு இது தொடரின் இலேசான பகுதிகளுள் ஒன்று. விலங்கை வைத்துச் சிரிப்பூட்டுவது மலிவான உத்தி என்பது அவர்தம் குறை. இவ்விரண்டும் சுவை பற்றியவை. அவற்றில் வழக்காடப் பெரிதாக ஒன்றுமில்லை. என் கருத்தைக் கேட்டால், கார்னர் சிரிப்பூட்ட முயலாமலே சிரிப்பூட்டும் நடிகர். ஆகவே முதற்சாராரின் பக்கமே நான் நிற்பேன். மூன்றாம் வகையே சிந்தனைக்குரியது. அமெரிக்க மேற்கில் ஒட்டகமா, எழுத்தாளரின் கற்பனைக்கும் ஓர் எல்லை வேண்டாமா என்று நகைப்பவர்களும், இல்லை, இது வரலாறு என்று அவர்களுக்கு மறுமொழி கூறுபவர்களும் இவ்வகையில் அடங்குவர்.

வரலாறு மறுமொழி கூறுபவர்களின் பக்கமே இருக்கிறது. தென்மேற்குப் பாலைநிலங்களில் படைக்குச் சுமை கொண்டு செல்ல ஒட்டகங்களை வாங்க வேண்டுமென்று போர்த்துறைச் செயலர் ஜெஃபர்சன் டேவிஸ் வற்புறுத்தியதன் பேரில், 1855இல் அமெரிக்க நாடாளுமன்றம் 30,000 டாலர் ஒதுக்கியது. மேஜர் ஹென்றி வெயினும் கடற்படை அதிகாரி டேவிட் போர்ட்டரும் ‘சப்ளை’ என்னும் கப்பலில் மத்தியதரைக் கடல் துறைமுகங்களுக்குச் சென்று, வாங்கிய ஒட்டகங்களுடன் 1856 மே மாதம் டெக்சாஸின் இண்டியானோலாவில் வந்திறங்கினர். மறு ஆண்டு 41 ஒட்டகங்கள் கொண்ட இரண்டாம் தொகுதி வந்தது. எட்வர்ட் பீல் என்பார் 1857இல் அவற்றுள் ஒரு பகுதியை நியூ மெக்சிகோவிலிருந்து கொலராடோ ஆறு வரை நடத்திச் சென்று, அவற்றின் உழைப்பை மனமாரப் புகழ்ந்தார். பின்னர் உள்நாட்டுப் போர் மூண்டது, டேவிஸ் எதிர்த்தரப்பின் தலைவரானார், திட்டம் கைவிடப்பட்டது. கலிஃபோர்னியாவில் எஞ்சியவை 1864இல் பெனீசியாவில் ஏலத்தில் விற்கப்பட்டன.

கதையின் தலைப்பில் வரும் டெஹோன் கோட்டையில் படை ஒட்டகங்கள் 1859 இறுதியிலிருந்து சில மாதங்களே இருந்தன. எனினும் மக்கள் நினைவில் ஒட்டகப் படையின் பெயர் அக்கோட்டையோடு பிணைந்துவிட்டது. தொடரை ஆக்கியோர் இவ்வரலாற்றை அறியாதவர்கள் அல்லர்; ‘எச்சம்’ என்ற சொல்லே அதற்குச் சான்று. பீலின் பயணத்துக்குச் சரியாக நூறாண்டு கழிந்த 1957இன் இலையுதிர் காலத்தில், ‘ஹேவ் கன் வில் டிராவல்’ என்னும் மற்றொரு தொடரும் ஒட்டகக் கதை ஒன்றைக் காட்டியது. ஜீன் ராடன்பெர்ரி எழுதிய ‘தி கிரேட் மொஹாவி சேஸ்’ என்னும் அப்பகுதி, மேவரிக்கின் ஒட்டகத்துக்கு ஐந்து வாரம் முன்னதாக, செப்டம்பர் 28 அன்று ஒளிபரப்பாயிற்று. அங்கும் ஒட்டகத்தின் திறம் கதாநாயகனின் சாதுரியமாகவே கணக்கில் ஏறுகிறது.

என் மனக்குறை இங்கேதான் தொடங்குகிறது. ஒட்டகம் மெய்யா பொய்யா என்று இத்தனை பேர் வழக்காடுகின்றனரே, அதை நடத்தியவன் எங்கே என்று எவரும் கேட்கக் காணோம். ஒட்டகத்தை மண்டியிடச் செய்வதும், திமிலுக்கு ஊறு நேராமல் சேணம் பூட்டுவதும், மதம் கொண்ட ஆண் ஒட்டகத்தை அடக்குவதும் கோவேறு கழுதைக்காரர்கள் கண்டறியாத கலைகள். அதற்காகவே உஸ்மானியப் பேரரசின் துறைமுகங்களிலிருந்து ஆட்கள் கூலிக்கு அமர்த்தப்பட்டு உடன் அழைத்து வரப்பட்டனர். அவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். கிரேக்கக் கிறிஸ்தவர்களும் இருந்தனர். இண்டியானோலாவில் ஐயுற்று நின்ற கூட்டத்தின் முன், மேஜர் வெயின் ஓர் ஒட்டகத்தின் மீது 1,200 பவுண்டுக்கும் மேற்பட்ட வைக்கோல் பொதிகளை ஏற்றி எழுந்து நடக்கச் செய்தார் என்னும் நிகழ்ச்சியை நூல்தோறும் காணலாம். அப்பொதிகளைக் கட்டிய கைகளைப் பற்றி அந்நூல்களும் மௌனம் சாதிக்கின்றன. தொலைக்காட்சி செய்தது புதிய தவறன்று. பழைய மௌனத்தைச் சிரிப்போடு தொடர்ந்தது, அவ்வளவே. மனிதன் இல்லாத ஒட்டகத்தையே கண்டு பழகிய பார்வையாளருக்கு அந்த இன்மை உறுத்துவதில்லை. ஒட்டகம் வரலாறுதான் என்று வாதாடுகிறவரும் படைத்துறை ஆவணத்தோடு நின்றுவிடுகிறார்.

அம்மனிதர்களுள் பெயர் நிலைத்தவர் ஹாஜி அலீ. அவர் பெயர் நிலைத்த விதத்தையும் காண வேண்டும். ‘ஹாஜி’யின் ஹகரம் தொண்டையின் நடுவிலிருந்து எழும் ஒலி, ‘அலீ’யின் முதலெழுத்தான ஐனுக்கு ஆங்கிலத்திலும் இடமில்லை, தமிழிலும் இல்லை. அமெரிக்கச் சிப்பாய்களின் நாவில் அது ‘ஹாய் ஜாலி’ என்றாயிற்று. ஜாலி என்பதன் பொருளை நம் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. திரையில் ஒட்டகம் வேடிக்கைப் பொருளாவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே அதன் காப்பாளரின் பெயர் வேடிக்கையாகிவிட்டது. முஅல்லகாத்தில் தரஃபா தன் ஒட்டகத்தை உறுப்புறுப்பாக வருணித்ததைப் பாடம் சொல்லிப் பழகிய எனக்கு இவ்விலங்கு சிரிப்புக்குரியதாகத் தோன்றுவதில்லை என்பது உண்மையே. ஆயினும் தரஃபாவின் அளவுகோலால் ஹாலிவுட்டை அளப்பது முறையன்று. ஒட்டகத்தை இகழ்ந்துவிட்டார்கள் என்று நான் முறையிடவும் இல்லை.

நம்மவர் இங்கே வேறொரு வழியில் சறுக்கக் கூடும். ஹாஜி அலீயை அமெரிக்காவின் முதல் முஸ்லிமாக்கி மேடையில் முழங்குவது எளிது, அது பிழை. அவருக்கு முன்பே அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க முஸ்லிம்கள் அங்கு வாழ்ந்தனர். அவர்களுள் உமர் இப்னு ஸயீத் 1831இல் தன் வரலாற்றை அரபியில் எழுதி வைத்தார். ஹாஜி அலீயின் தந்தை சிரியர், தாய் கிரேக்கர் என்று கூறப்படுகிறது. 1880இல் அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றதும் ஃபிலிப் டெட்ரோ என்னும் பெயரில்தான். வேண்டிய இடத்தில் ஒரு பெயரும் வேண்டாத இடத்தில் மற்றொன்றுமாக வாழ நேர்ந்த மனிதரின் கதை, மேடை முழக்கத்துக்கும் அடங்காது, அரைமணி நகைச்சுவைக்கும் அடங்காது. நல்ல திரைக்கதையாசிரியர் ஒருவர் கையில் அது சிறந்த பகுதியாகியிருக்கும். மேவரிக் போன்றே பேச்சாலும் பொறுமையாலும் அந்நிய ஊர்களில் பிழைத்தவர்தாமே அவரும்!

படையில் சுமைக்காரராகவும் பின்னர் கனிமம் தேடுபவராகவும் காலம் கழித்த அவர், 1902 டிசம்பரில் அரிசோனாவின் குவார்ட்சைட் ஊரில் காலமானார். 1935இல் அம்மாநில நெடுஞ்சாலைத் துறை அவரது அடக்கத்தலத்தின் மீது கற்களால் ஒரு சிறு பிரமிடு எழுப்பியது. எகிப்தியர் அல்லாத ஒருவருக்குப் பிரமிடு ஏன் என்பது தெரியவில்லை. அதன் உச்சியில் செம்பினாலான ஒட்டகம் ஒன்று நிற்கிறது. கீழேயுள்ள பலகை அவரை ஹாய் ஜாலி என்றே அறிமுகம் செய்கிறது.