முதலில் உடைந்தது எது?

ஸ்பைக் லீயின் 'டூ தி ரைட் திங்' 1989-இல் வெளிவந்த படம். நியூயார்க்கின் புரூக்ளினில் கறுப்பின மக்கள் வாழும் ஒரு தெரு, வெயில் கொளுத்தும் ஒரு நாள். அங்கே பீட்சாக் கடை வைத்திருப்பவர் சால் என்ற இத்தாலிய அமெரிக்கர். அன்றிரவு கடையில் கைகலப்பு மூள்கிறது. ரேடியோ ரஹீம் என்ற கறுப்பின இளைஞனைப் போலீஸ்காரர் ஒருவர் கழுத்தை நெரித்துக் கொல்கிறார். கடையில் வேலை பார்க்கும் மூக்கி, குப்பைத்தொட்டியைத் தூக்கிக் கண்ணாடியில் எறிகிறான். கடை எரிகிறது.

மூக்கி செய்தது சரியா? இந்தக் கேள்வியை வெள்ளையர்தான் கேட்கிறார்கள், கறுப்பர்கள் கேட்பதில்லை என்று ஸ்பைக் லீ சொல்லியிருக்கிறார். என் மாணவிகளும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். அன்றிரவு முதலில் உடைந்தது எது என்று நான் திருப்பிக் கேட்பேன். கண்ணாடி என்பார்கள். இல்லை, ரஹீமின் ரேடியோ. சால் அதைப் பேஸ்பால் மட்டையால் அடித்து நொறுக்குகிறார். ரஹீம் தன்னுடையது என்று தூக்கிச் சுமந்த ஒரே பொருள் அது. அதைச் சொத்துச் சேதம் என்று யாரும் எழுதுவதில்லை.

அமைதிவழிப் போராட்டமும் படத்தில் உண்டு. கடைச் சுவரில் இத்தாலிய அமெரிக்கப் பிரபலங்களின் படங்கள் மட்டுமே தொங்குகின்றன. அங்கே சாப்பிட்டுக் காசு கொடுப்பது நாங்கள், எங்கள் ஆட்களின் படமும் வேண்டும் என்கிறான் பக்கின் அவுட். என் கடை, என் சுவர் என்கிறார் சால். கடையைப் புறக்கணிக்க ஆள் திரட்டப் போனால் தெருவே சிரிக்கிறது. அமைதியாகக் கேட்டபோது கேட்காத காதுகள் கண்ணாடி உடைந்ததும் திறந்துகொள்கின்றன.

இந்தப் படம் ஆறு குடும்பங்களுக்குச் சமர்ப்பணம். அவற்றுள் ஒன்று எலினார் பம்பர்ஸின் குடும்பம். 66 வயதுக் கறுப்பினப் பெண் அவர். 1984-இல் வாடகை பாக்கிக்காக வீட்டைக் காலி செய்யவைக்க வந்த போலீஸாரில் ஒருவர் அவரைச் சுட்டுக் கொன்றார். சுட்டவர் 1987-இல் விடுதலையானார். இன்னொன்று மைக்கேல் ஸ்டூவர்ட்டின் குடும்பம். 1983-இல் சுரங்க ரயில் நிலையச் சுவரில் கிறுக்கியதாகப் பிடிபட்டு, போலீஸ் காவலில் நினைவிழந்து, பிறகு இறந்தவர். 2020-இல் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் பிடிபட்டது 20 டாலர் கள்ள நோட்டைக் கொடுத்ததான சந்தேகத்தில். வாடகை, சுவர், நோட்டு. உயிரா சொத்தா என்ற கேள்வி தீ வைத்த இரவில் பிறக்கவில்லை. சொத்தின் பெயரால் உயிர் போன அன்றே அதற்கு ஒரு விடை சொல்லியாகிவிட்டது.

இதனால் தீ நல்லதாகிவிடாது. ஃப்ளாய்டுக்காக நடந்த போராட்டங்களில் மிகப் பெரும்பாலானவை அமைதியாகவே நடந்தன. ஆனால் மினியாபொலிஸின் லேக் தெருவில் எரிந்தவற்றில் புலம்பெயர்ந்தோர் நடத்திய சிறு கடைகளும் உண்டு. அந்த இழப்பு ஏழைகளின் இழப்பு. படத்தில் இதை உணர்த்துபவள் ஒரு பெண்தான். நாளெல்லாம் சன்னலோரம் உட்கார்ந்து தெருவைக் கவனிக்கும் முதியவள், மதர் சிஸ்டர். கொளுத்தச் சொல்லிக் கத்துபவளும் அவளே, சற்று நேரத்தில் வேண்டாமென்று அலறுபவளும் அவளே. இரண்டு குரலும் ஒரே தொண்டையிலிருந்து வருகின்றன. இரண்டையும் சேர்த்துக் கேட்காத எந்தத் தீர்ப்பும் அரைத் தீர்ப்புதான்.

படத்தின் மீது எனக்குள்ள குறையும் இங்கேதான். பெண்களுக்கு அது சன்னலையும் வாசற்படியையும் தருகிறது, தெருவைத் தருவதில்லை. ரஹீமின் தாய் திரையில் வரவே இல்லை. 2020-இல் ஃப்ளாய்டின் கழுத்தில் முழங்கால் அழுந்தியதை நடைபாதையில் நின்று படம்பிடித்தவள் 17 வயதுக் கறுப்பினப் பெண், டார்னெல்லா ஃப்ரேசியர். அந்தக் காணொளி இல்லையென்றால் காவல்துறையின் முதல் அறிக்கையே வரலாறாகியிருக்கும். கைது செய்யும்போது ஏற்பட்ட உடல்நலக் கோளாறால் இறந்தார் என்றது அந்த அறிக்கை.

சேதக் கணக்கு எழுதும்போது கண்ணாடியிலிருந்து தொடங்காதீர்கள். ரேடியோவிலிருந்து தொடங்குங்கள்.