சுவரில் எஞ்சிய பேச்சு

வீடியோ விளையாட்டுகளில் அழிந்துபோன நாகரிகம் என்பது பெரும்பாலும் மேடை அலங்காரம். இடிந்த கோபுரம், பாசி படர்ந்த சிலை, அதனடியில் ஒரு புதையல். எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான். 2019 இல் வெளிவந்த 'அவுற்றர் வைல்ட்ஸ்' இந்த வழக்கத்திலிருந்து விலகி நிற்கிறது. அலெக்ஸ் பீச்சம் என்பவர் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்புக்காகத் தொடங்கிய வேலை இது. எழுத்து அவரது சகோதரி கெல்சி பீச்சமுடையது.

விளையாடுபவர் ஒரு சிறிய கிரகத்துவாசி. 22 நிமிடத்தில் சூரியன் வெடிக்கிறது, எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. கையில் ஆயுதமில்லை. அறிந்துகொண்டதைத் தவிர வேறெதையும் அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோக முடியாது. அறியவேண்டியதோ, இரண்டு இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் முன்பு அழிந்துபோன நொமாய் மக்களைப் பற்றி.

நொமாய்களும் அவ்விடத்துக்காரர் அல்ல. ஒரு சமிக்ஞையைத் தேடி வந்து, கப்பல் சிக்கி, மூன்று உயிர்காப்புக் கலங்களில் மூன்று திசையாகச் சிதறியவர்கள். ஒரு பகுதியினர் உடைந்து விழுந்துகொண்டிருக்கும் ஒரு கிரகத்தின் ஓட்டுக்கு அடியில் நகரமொன்றைத் தொங்கவிட்டுக் கட்டினார்கள். இன்னொரு பகுதியினர் குகைக்குள். மற்றவர்கள் உயிரோடிருக்கிறார்களா என்று தெரியாமலே தொடங்கிய வாழ்க்கை.

அவர்கள் விட்டுச்சென்றது வரலாறு அல்ல, பேச்சு. சுவரில் ஒருவர் சுருளாக எழுத, பதில் சொல்பவர் அதிலிருந்தே கிளைவிட்டு எழுதுகிறார். தேடிவந்ததைக் கண்டுபிடிக்கச் சூரியனையே வெடிக்கவைக்கலாமா என்ற பயங்கரமான விவாதமும் அப்படித்தான் எஞ்சியிருக்கிறது, மறுத்தவர்களின் குரலோடு. மன்னர் பெயரில்லை, வெற்றிப் பட்டியலில்லை. குகையில் பிள்ளைகள் ஒரு விளையாட்டுக்கு விதி எழுதி வைத்திருக்கிறார்கள்: ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு இராட்சத மீனாக இருக்க, மற்றவர்கள் சத்தமின்றி அவரைக் கடக்க வேண்டும். பின்னர் உண்மையான மீன்களுக்கு நடுவே எம்மைக் காப்பாற்றுவது இந்த விதிதான். ஆண்ட பரம்பரைக் கதைகளில் ஊறிப்போன எங்களுக்கு இது உறைக்க வேண்டும். எம்மவர் வெளியிடும் ஊர் மலர்களில் கோயில் வரலாறு இருக்கும், அதிபர்களின் படங்கள் இருக்கும். கிளித்தட்டுக்கு எப்படிக் கோடு கீறுவது என்பது இராது.

ஆனால் ஒரு விடயத்தில் இந்தப் படைப்புடன் எனக்கு உடன்பாடில்லை. நொமாய்களை அழித்தது ஒரு வால்வெள்ளி. அதன் கருவிலிருந்த நச்சுப்பொருள் வெடித்துப் பரவ, ஒரேயடியாக முடிந்துபோனார்கள். கொன்றவர் எவருமில்லை. ஆகவே சுவர்களும் அப்படியே இருக்கின்றன, கையிலுள்ள மொழிபெயர்ப்புக் கருவி கனகச்சிதமாக வாசிக்கிறது. மக்களை அழிப்பவர்கள் எழுத்தை விட்டுவைப்பதில்லையே! 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தோடு எரிந்த ஏட்டுச்சுவடிகளை எந்தக் கருவி வாசிக்கும்? துயரம் அழகாக இருக்கவேண்டும் என்பதற்காகக் குற்றவாளியைக் கதையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றே படுகிறது.

மூன்றாவது கலத்தினரின் பகுதியை மட்டும் இதிலிருந்து விலக்குகிறேன். தாய்க்கப்பலின் சமிக்ஞை அவர்களுக்குக் கேட்கிறது. அது வரும் வாசலோ ஆள் நுழைய முடியாத அளவு சிறியது. அதைச் சுற்றியே எலும்புக்கூடுகள் கிடக்கின்றன. இவ்விடத்தில் அலங்காரம் எதுவுமில்லை.

விளையாட்டு முழுக்க வாசிப்புத்தான். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் டொச்சிலும் உண்டு, தமிழில் இல்லை. மொழி ஓடாதவர்கள் வீட்டுப் பிள்ளைகளில் ஒன்றைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.