நகைச்சுவை வரையறை: கசப்பும் கவனிப்பும்

அன்றாடச் சொல் ஒன்றுக்கு அகராதியின் தோரணையில் எதிர்பாராத பொருள் கூறும் சிறு வடிவமே நகைச்சுவை வரையறை. அது அமெரிக்க எழுத்தாளர் ஆம்புரோஸ் பியர்ஸின் ‘சாத்தானின் அகராதி’யோடு உச்சம் தொட்டுவிட்டது என்றும், பின்னர் வந்தவை யாவும் அதன் மங்கிய நகல்கள் என்றும் கூறுவது இன்று வழக்கமாகிவிட்டது. கசப்பையே கூர்மை என்று கொள்ளும் இந்த மதிப்பீடு தவறானது. இவ்வடிவத்தின் வளமான கிளையை அது கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

தொடக்க காலம் பலரும் அறிந்ததே. 1755இல் வெளியான சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதியில் நகைச்சுவை ஊடுபயிராகவே இருந்தது; ஓட்ஸ் இங்கிலாந்தில் குதிரைக்கும் ஸ்காட்லாந்தில் மனிதருக்கும் உணவாவதைச் சுட்டிய குறும்பு போன்றவை பல்லாயிரம் பதிவுகளுக்கு நடுவே அரிதாகவே தலைகாட்டுகின்றன. ஒரு நூல் முழுவதையும் அத்தகைய குறும்பாலேயே நிரப்பியவர் பியர்ஸ். சான் பிரான்சிஸ்கோ இதழ்களில் பல ஆண்டுகள் எழுதிய குறிப்புகளை 1906இல் வேறொரு தலைப்பில் நூலாக்கிய அவர், 1911இல் அதை இன்றைய பெயரோடு விரிவாக்கினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் படைவீரராக நின்றவரின் கசப்புக்கு நியாயம் உண்டு. ஆயினும் நட்பு, திருமணம், நாட்டுப்பற்று என எந்த உயர்ந்த சொல்லை எடுத்தாலும் அதன் அடியில் தன்னலத்தைக் காட்டுவதே அவரது உத்தியாக இருப்பதால், அந்த உத்தி பிடிபட்ட வாசகர் அடுத்த பதிவை முன்கூட்டியே ஊகித்துவிடுகிறார்.

பிரெஞ்சு நாவலாசிரியர் குஸ்தாவ் ஃப்ளோபேரின் வழி இதனினும் நுட்பமானது. வழக்குக் கருத்துகளின் அகராதி ஒன்றைப் பற்றி 1852ஆம் ஆண்டின் கடிதமொன்றிலேயே பேசிய அவர், 1880இல் இறக்கும்வரை அதை வெளியிடவில்லை. அது அச்சேறியது அடுத்த நூற்றாண்டில்தான். வழக்குக் கருத்து என்பது, எவரும் யோசித்துப் பாராமல் எல்லோரும் ஒருவர் வாயிலிருந்து ஒருவர் பெற்றுத் திருப்பிச் சொல்லும் கருத்து. பொன்னிறக் கூந்தல் கொண்ட பெண்கள் கருங்கூந்தல் கொண்டவர்களைவிட வேட்கை மிகுந்தவர்கள் என்று ஒரு பதிவு சொல்ல, கருங்கூந்தலுக்கான பதிவு அதையே தலைகீழாகச் சொல்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும்படி வாசகரை அனுப்புகின்றன. இங்கே ஆசிரியர் எவரையும் ஏசவில்லை. விருந்துக் கூடத்தில் காதில் விழுந்ததை வரிசைப்படுத்தியதோடு நின்றுகொள்கிறார், பேச்சின் வெறுமை தானாகவே வெளிப்படுகிறது.

இந்தக் கவனிப்பை அலுவலகத்துக்குள் கொண்டு சென்றவர், அப்போது சிங்கப்பூரில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த சி. நார்த்கோட் பார்க்கின்சன். ஒதுக்கப்பட்ட நேரம் எவ்வளவோ அவ்வளவுக்கும் வேலை வளர்ந்து நிரம்பிவிடும் என்ற அவரது விதி 1955இல் ‘எக்கனாமிஸ்ட்’ இதழில் வெளிவந்தது. ஓய்வாக இருக்கும் ஒரு மூதாட்டி, அஞ்சலட்டையைத் தேட ஒரு மணி நேரமும் மூக்குக்கண்ணாடியைத் தேட இன்னொரு மணி நேரமும் செலவிட்டு, அடுத்த தெருவுக்குப் போகக் குடை வேண்டுமா என்று இருபது நிமிடம் யோசித்து, ஒரே அட்டைக்கு ஒரு நாளைக் கழிப்பதாக அவர் காட்டுகிறார். அதோடு விடாமல், 1914க்கும் 1928க்கும் இடையில் பிரிட்டனின் பெரும் போர்க்கப்பல்கள் 62இலிருந்து 20ஆகக் குறைந்தபோது, கடற்படைத் தலைமையக அதிகாரிகள் 2,000இலிருந்து 3,569ஆகப் பெருகியதையும் எடுத்து வைக்கிறார். சிரிப்பு இங்கே சான்றோடு வருகிறது. வாசகர் தம் அலுவலகத்திலேயே அதைச் சரிபார்த்துக்கொள்ள முடிகிறது. பியர்ஸின் பதிவுகளுக்கு இல்லாத வலிமை இதுவே.

தமிழிலும் இந்த வழி புதிதன்று. நகைச்சுவை எழுத்தாளர் எஸ்.வி.வி.யின் குடும்பச் சித்திரங்களும், ‘கணையாழி’ இதழின் கடைசிப் பக்கத்தில் சுஜாதா எழுதிய குறிப்புகளும் அதற்குச் சான்று. ஆனால் வார இதழ்த் துணுக்குகளில் நிலைத்தவை மனைவியையும் மாமியாரையும் அரசியல்வாதியையும் ஒரே அச்சில் வார்க்கும் வரையறைகளே. அவற்றை எழுத எவரையும் கவனித்துப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. ரேஷன் கடை வரிசையும், பத்திரப்பதிவு அலுவலகத்தின் காத்திருப்பும், அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கக் கூட்டமும் இன்னும் தக்க வரையறை பெறவில்லை. இளம் எழுத்தாளர்கள் பியர்ஸைப் படித்து ரசிக்கட்டும். எழுத உட்காரும்போது ஃப்ளோபேரையும் பார்க்கின்சனையும் பின்பற்றட்டும்.